மழை கழுவிய தடம்

கறையான்களோடு சமாதானம் பேசும் நேரம் வந்தது. போரில் தங்கள் குஞ்சுகளைக் கடித்துக் கொன்றவர்களைத் தண்டித்தால்தான் பேச்சு என்று கறையான்கள் சொல்லிவிட, எறும்புப் படை தன் சிப்பாய்களில் செங்காலனையும் அவன் கூட்டாளியையும் பிடித்து விசாரணைக்கு நிறுத்தியது.

"யார் சொல்லிக் கறையான் புற்றுக்குள் போனீர்கள்?" என்று கேட்டார், நீதிபதியாக உட்கார்ந்திருந்த தளபதி.

"வாயால் யாரும் சொல்லவில்லை ஐயா. முன்னே போனவர் வாசனைத் தடம் போட்டார், நாங்கள் மோந்துகொண்டே பின்னால் போனோம். எறும்புக்கு உத்தரவு என்றால் அதுதானே?"

"எங்கே அந்தத் தடம்?"

"மழையில் போயிற்று ஐயா."

"அப்படியானால் நீங்களாகப் போனதுதான்."

எறும்பு தின்னும் குழிநரிப் பூச்சியின் மணற்குழியில் இருவரையும் தள்ளச் சொல்லித் தீர்ப்பானது.

"அது யார் வாசனை என்று சொல்லித் தொலையேன்," என்று கூட்டாளி கிசுகிசுத்தான்.

"சொன்னால் விசாரிக்கப்போவது யார்? அவர்தானே," என்றான் செங்காலன் அலுப்போடு.

மணற்குழிக்கு வழிகாட்டத் தளபதியே முன்னால் நடந்தார். செங்காலன் குனிந்து மோந்தான். புற்றுக்குப் போன அன்றைக்கு இருந்த அதே வாசனை. கால்கள் அவனைக் கேட்காமலே அதன்மேல் நடக்க ஆரம்பித்தன.