சன்னாசியின் நாலு நாள்

நாலே நாலு நாள். அதுக்காகத்தான் சன்னாசி ஆறாவது தடவையாக ஈப்போ போலீஸ் ஆபீசுக்குப் பஸ் ஏறினார்.

செமோர் பக்கத்து அந்தத் தோட்டத்தில் இந்த விஷயம் தெரியாத ஆளே இல்லை. வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் வராமல் தோட்டத்துக்குக் காவல் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் அவர். அந்த வேலையை விட்டு இருபத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. போன வருஷம் யாரோ அவருடைய டிஸ்சார்ஜ் பேப்பரைப் படித்துச் சொன்னார்களாம். விலகிய தேதியை நாலு நாள் முன்னாலேயே போட்டுவிட்டார்களாம். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

ரப்பர் பாலை நிறுத்துப் போட்ட கையோடு குளித்து, இருக்கிற ஒரே நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தக் காலத்து சார்ஜன் அந்தோணிமுத்து தாப்பாவில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அங்கேயும் போய்க் கையெழுத்து வாங்கி வந்தார்.

பைப்படியில் இருளாயி வாய் சும்மா இருக்குமா? நாலு நாளைச் சேர்த்துக் கொடுத்தால் மனுஷனுக்கு வயசு குறைந்துவிடுமாக்கும் என்றாள். பெண்கள் சிரித்தார்கள்.

ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏன்ணே, அந்த நாலு நாளுக்கு ராஜா கூப்பிட்டு மாலை போடப் போறாரா?"

"வந்தா ஒனக்குத்தான் தங்கச்சி மொதல்ல சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார்.

இருளாயிக்கு வயிற்றெரிச்சல். இல்லாமல் எப்படி இருக்கும்? அவள் புருஷன் மாயாண்டியும் அதே காவல் வேலை பார்த்தவன்தான். ஒருநாள் காலை, பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடும் முன்னாலேயே, காட்டோர வேலியில் சுடப்பட்டுக் கிடந்தான். அவன் துப்பாக்கியையும் காணோம்.

அந்த இடத்தில் ஜோடி இல்லாமல் காவல் கிடையாது. அன்றைக்கு அவனுக்கு ஜோடி இல்லை என்றது ரிஜிஸ்டர். அப்படியென்றால் தனியாக அங்கே என்ன வேலை? காட்டு ஆட்களுக்கு அரிசி கொடுக்கப் போயிருப்பான், துப்பாக்கியையும் கொடுத்திருப்பான் என்று ஊர் பேசியது. மகள் மங்களத்துக்கு ஆயர் தாவாரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீடு கூட, அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் திரும்பிப் போனது. செத்தவன் பேரில் விழுந்த கறையைத் துடைக்க ஒரு நாதியில்லை, உயிரோடு இருக்கிறவருக்குத் தேதி கேட்கிறதா என்று இருளாயி பொருமினாள். அவள் பொருமலில் தப்பு என்ன இருக்கிறது?

ரெண்டு மாதம் கழித்து, சாயங்காலம், சன்னாசி ஒரு கடிதத்தோடு வந்து இருளாயி வீட்டு வாசலில் நின்றார். மங்களம் ஃபாரம் திரீ வரைக்கும் படித்தவள், செமோர் கிளினிக்கில் சீட்டு எழுதுகிறாள். லயத்தில் யாருக்கு மலாய்க் கடிதம் வந்தாலும் அவள்தான் படித்துச் சொல்லுவாள்.

"படிம்மா. ஒங்கம்மாவும் இருக்கட்டும்."

மங்களம் மெதுவாகத் தமிழில் சொன்னாள். சன்னாசி விலகிய தேதி ஜனவரி பன்னிரண்டு இல்லை, பதினாறு என்று திருத்தியாச்சு. அடுத்த வரியை விரல் வைத்துப் படித்தாள்.

"அதனால... பதினஞ்சாம் தேதி காலைல வேலியில காவல் நின்ன ஜோடி, மாயாண்டியும் சன்னாசியும். மாயாண்டி காவல் பணியில இருக்கும்போதுதான் இறந்தாருன்னு அவரு பதிவையும் திருத்தியாச்சாம். ம்மா... அப்பாம்மா."

இருளாயி மகள் தோளைப் பிடித்துக்கொண்டு கடிதத்தை எட்டிப் பார்த்தாள்.

சன்னாசி தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க விரதம். விரதத்தில் உயிரைக் கொல்கிற சாமானைத் தொடக்கூடாது என்று பன்னிரண்டாம் தேதியே துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். மிச்ச நாலு நாளும் தடியும் விசிலுமாக நின்றார். எழுதினவன் துப்பாக்கி வந்த நாளையே கடைசி நாள் என்று போட்டுவிட்டான்.

"வெடி கேட்டதும் என்னைய கான் பள்ளத்துக்குள்ள தள்ளிட்டு அவன் நின்னான். அன்னைக்கே ஸ்டேஷன்ல சொன்னேன். ரிஜிஸ்டர்ல ஒம்பேரே இல்ல, நீ என்ன சாட்சின்னு வெரட்டிட்டாங்க. எதுக்குப் பேரு இல்லன்னு படிக்காத எனக்கு வெளங்கல. ஒங்கிட்ட சொல்லலாம்னா, அவன் போயி நா இருக்கேன், எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சொல்றது?"

இருளாயிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் புருஷன் அரிசி கொண்டு போகவில்லை. கூட நின்றவனைக் காப்பாற்றிவிட்டுச் செத்தான். இனி ஈப்போ ஆபீசில் யார் புரட்டினாலும் அப்படித்தான் இருக்கும். அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பைப்படியில என்னென்னமோ பேசிட்டேன்ணே. நீங்க நல்லா இருக்கணும்."

மங்களம் மட்டும் இன்னும் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, கீழ இன்னும் ஒண்ணு இருக்கு. ஒங்க பேப்பர்ல நடத்தைங்கற எடத்துல 'மிக நன்று'ன்னு இருந்தத அடிச்சிட்டாங்களாம். 'ஆயுதம் இல்லாமல் காவல் நின்றவர்'ன்னு எழுதியிருக்காங்க. துப்பாக்கிய முன்னாலயே ஒப்படைச்சத நீங்களே சொல்லி எழுதிக் குடுத்ததாலயாம்."

சன்னாசி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது கெடக்கட்டும்லா. மேல உள்ளத இன்னொரு தடவ படி, ஒங்கம்மா கேக்கட்டும்."