மூன்று முதலாளிகள்

மேஸ்திரி தன்னிடம் வேலைசெய்த பயலுக்குத் தரவேண்டிய கூலி பாக்கி அறுநூற்று நாற்பது ரூபாய். சுவரைக் கோணலாகக் கட்டினான் என்று துரத்திவிட்டு, கூலியையும் அமுக்கிக்கொண்டார். அதே பயல் இப்போது ஊர்ச் சங்க அறையில் எதிரே வந்து நின்றான். எல்லார் முன்னாலும் காசைக் கேட்டு மானத்தை வாங்கிவிடுவானோ என்று பயந்து மேஸ்திரி முந்திக்கொண்டார்.

"இவனா? இவன் கட்டின சுவர், ஆடு உரசினதுக்கே விழுந்துச்சு!"

"என் கடையில டீ போட்டான். குடிச்சவன் எவனும் திரும்பி வரலை," என்றார் டீக்கடைக்காரர்.

"எங்கிட்ட, ஒரே சட்டைக்கு ரெண்டு இடது கை வச்சான்," என்றார் தையல்கடை அக்கா.

"எதுலயும் உருப்படாதவனுக்கு இந்த வேலையை எவன் குடுத்தான்?" என்று மேஸ்திரி மறுபடியும் சீண்டினார்.

"நீங்க மூணு பேரும் துரத்தினதாலதான் படிக்கப் போனேன்," என்றவன் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் 'அ' போட்டான். "சரி, கைநாட்டுங்க மூணும் சிலேட்டை எடுங்க."

மேஸ்திரிக்கு 'அ' வளையவே இல்லை. வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து எழுதவைத்தார். காசைப் பற்றி மூச்சுவிடவில்லை.

வகுப்பு முடிந்ததும் மேஸ்திரியே பாக்கியை எண்ணி நீட்டினார். வாத்தியார் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"ரசீது எழுதித் தரட்டா?"

"இப்ப வேணாம் வாத்தியாரே. உங்களை நம்பி வாங்க முடியாது. எனக்குப் படிக்க வந்தப்புறம் குடுங்க."