வலப்பக்கத்துக் கிளி

அந்தப் பக்கம் காலியாக இல்லை, பார்க்கிறவருக்காகக் காத்திருக்கிறது என்று தமயந்தி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். குழந்தைகளுக்கு எதிர்நிறங்களைக் காட்ட அவள் வரைந்த புத்தகத்தில் இடப்பக்கம் ஒரு சிவப்புக் கிளி, வலப்பக்கம் வெறும் வெள்ளை. முப்பது எண்ணும்வரை கிளியையே பார்த்துவிட்டுக் கண்ணை வெள்ளைக்கு நகர்த்தினால் அங்கே பச்சைக் கிளி தானாக வரும்.

பதிப்பாளர் பென்னட் அந்த வெள்ளையின் மேல் கையை ஊன்றியிருந்தார். "அச்சுல விட்டுப்போச்சுன்னு கட்டுக்கட்டாத் திருப்பி அனுப்பிடுவாங்கம்மா. இங்க ஒரு பச்சைக் கிளிய வரைஞ்சிடுங்க. இல்லேன்னா இந்தப் புத்தகமே வேணாம்."

அதற்குள் அவர் மகள் ஷெரின், பதினேழை இரண்டு முறை சொல்லி, முப்பதை எண்ணி முடித்திருந்தாள். பார்வையைத் திருப்பியவள் கத்தினாள். "ஐ, வந்துடுச்சு! அப்பா, ஆடாத. உன் கை மேல உக்காந்திருக்கு."

பென்னட் ஆடவில்லை. குரலைத் தாழ்த்தி, "இருந்தாலும் ஒண்ணு வரைஞ்சிடுங்கம்மா" என்று மற்றக் கையால் தண்ணீர்க் கிண்ணத்திலிருந்த அவளுடைய தூரிகையை எடுத்து நீட்டினார்.

தமயந்தி அதை வாங்கினாள். ஈரத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.