அடிபடாத வண்டி

"வண்டிக்கு அடியில படுத்துப் பாக்கலாமுங்களா?"

வண்டி வாங்க வந்தவர் இப்படிக் கேட்டதும், "அடியில என்ன சார் இருக்கு?" என்று மழுப்பினார் கொளஞ்சியப்பன்.

கொளஞ்சியப்பன் செந்துறையில் உரக்கடை வைத்திருப்பவர். வாசலில் நிற்கும் ஆம்னி வேனை இரண்டு வருஷத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். ஐப்பசி மழையில் வண்டி மக்கர் பண்ணியபோது, அரியலூர் மெக்கானிக் அதைத் தூக்கி நிறுத்திக் காட்டினான்.

"அண்ணே, இது பலமா அடிபட்ட வண்டி. நடுவுல வெட்டி ஒட்டியிருக்கானுவோ. ஆளுங்கள ஏத்திக்கிட்டு வேகமா போயிடாதீங்க. ரெண்டா பொளந்துக்கும்."

அன்றோடு ஓட்டுவதை நிறுத்தினார். மனைவி கமலவேணியிடம் மட்டும் சொன்னார். "நம்மள ஒருத்தன் ஏமாத்துனான். நாமளும் இன்னொருத்தன் தலையில கட்டிட வேண்டியதுதான்."

நேற்றுதான் ஒருவர் வந்து பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போக வேன் வேண்டுமாம். பெயிண்டைத் தடவினார், டேப் பாடுகிறதா என்று போட்டுப் பார்த்தார், இரண்டு நாளில் அட்வான்ஸோடு வருகிறேன் என்று போய்விட்டார். அடியில் குனியவே இல்லை.

இந்த ஆள் வேறு மாதிரி. ஏலாக்குறிச்சியாம். ரிட்டயர்டு வாத்தியாராம். கதவைத் திறக்கவில்லை, இன்ஜினைக் கிளப்பிக் காட்டச் சொல்லவில்லை. வெள்ளை வேட்டியோடு சாக்கை விரித்துப் படுத்து, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நேரே வண்டிக்கு அடியில் நகர்ந்தார்.

எவனோ போட்டுக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார் கொளஞ்சியப்பன்.

"அடிபட்ட வண்டிங்களா?" அடியிலிருந்து குரல் வந்தது.

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? எம் புள்ளைங்க மேல சத்தியமா சொல்றேன், ஒரு கீறல் பட்டதில்ல."

மோர் கொண்டுவந்த கமலவேணி அப்படியே நின்றாள்.

"இதுல புள்ளைங்கள ஏன் இழுக்குறீங்க?" என்று அவர் காதோரம் சொன்னாள். சொம்பைப் படியில் வைத்துவிட்டு விருட்டென்று உள்ளே போய்விட்டாள்.

வாத்தியார் வெளியே வந்தார். முதுகெல்லாம் புழுதி.

"ஒட்டு போட்ட எடத்துல விரிசல் விட்டிருக்குங்க. வெரல் நொழையுது."

மாட்டிக்கொண்டவனுக்குக் கோபம்தானே முதலில் வரும்?

"வெலயக் கொறைக்க இது ஒரு தந்திரமா? உங்கள மாதிரி எத்தன பேரப் பாத்திருக்கேன்! புடிக்கலன்னா நடையக் கட்டுங்க. பள்ளிக்கூடப் புள்ளைங்கள ஏத்தறதுக்கு நாளைக்கே எடுத்துக்கிட்டுப் போக ஆளு இருக்கு."

"பள்ளிக்கூடப் புள்ளைங்களா?" வாத்தியாரின் முகம் வெளுத்தது. "அவருக்குக் குடுத்துடாதீங்க. நீங்க சொன்ன வெலயையே தரேன். ஒத்த ரூவா கொறைக்க வேணாம். இன்னிக்கே எடுத்துக்கிறேன்."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். ஆனால் கொளஞ்சியப்பனுக்குச் சந்தோஷம் வரவில்லை. விரிசலைக் கண்ணால் பார்த்துவிட்டும் முழு விலை தருகிறேன் என்று நிற்கிற வெள்ளந்தி மனுஷன். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கும். அதுகளை இதில்தானே ஏற்றிப் போவார்?

"வேணாம் சார்." வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அது வெட்டி ஒட்டுன வண்டிதான். நான் பண்ணது பொய்ச் சத்தியம். உங்க பாவம் எனக்கு வேணாம், போயிடுங்க. என்னையும் இப்படித்தான் ஏமாத்துனானுவோ. மொத மொதல்ல இத ஒட்டி வித்தானே ஒரு படுபாவி, அவன் குடும்பம் வெளங்குமா?"

வாத்தியார் தலை குனிந்தார்.

"நான் ஓட்டறதுக்கு வாங்கலீங்க. ஒடைச்சு எடைக்குப் போடத்தான் வாங்குறேன்."

"முழு வெலயக் குடுத்துட்டா? எதுக்கு சார்?"

"போன மாசம் எம் மக ஷாலினி மேரி வூட்டுல ஒரு பழைய கார் வாங்கப் போனாங்க. நானும் கூடப் போயிருந்தேன். விக்கிறவன் புள்ள மேல சத்தியம் பண்ணான். எம் பேத்தி அதுக்குள்ள ஏறி ஒக்காந்துக்கிட்டுச் சிரிக்கிது. அடியில பாத்தா ஒட்டு. மருமவன் அவன் சட்டையப் புடிச்சிட்டாரு. என்னால மட்டும் அவன ஒரு வார்த்த கேக்க முடியலீங்க."

"ஏன் சார்?"

வாத்தியார் வேனின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"இந்த வண்டி சுண்ணாம்புக்கல் லாரியில மோதி நசுங்குனப்ப, வெட்டி ஒட்டி, பெயிண்ட் அடிச்சு, எம் மக தலையில கை வச்சு சத்தியம் பண்ணி வித்தவன் நான்தாங்க."