மின்னல் விழிப்புணர்வுக் கூட்டம்

பங்குனி மாதத்துப் பகல் இரண்டு மணிக்கே பசறை மலைத்தோட்டம் இருண்டு கிடக்கிறது. உச்சியில் தனியாக நிற்கும் சவுக்கு மரத்தடியில் மின்னல் விழிப்புணர்வுக் கூட்டம் நடக்கிறது. நகரத்திலிருந்து வந்த அதிகாரி இரும்புக் கம்பத்தில் பொருத்திய ஒலிவாங்கியை இறுகப் பிடித்திருக்கிறார். "மரத்தடியில நிக்கக் கூடாது. இரும்பத் தொடக் கூடாது." தேயிலைக் கொழுந்துச் சாக்கை முதுகில் மாட்டிய நாற்பது பெண்கள், அந்த மரத்தடியிலேயே நின்று தலையாட்டுகிறார்கள். நடுவில் போகிறவளுக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் வேலைதான் பதிவாகும் என்று கணக்கப்பிள்ளை காலையிலேயே சொல்லிவிட்டார். எதிர்மலை ஒரு கணம் வெள்ளையாகி மறைகிறது. காலடி மண் அதிர்கிறது. "ஐயா, மின்னல் கிட்ட வந்திருச்சுங்க. லயத்து வீட்டுக்குப் போறோமே" என்கிறாள் காளியம்மா. "கேள்வியெல்லாம் கடைசியிலம்மா" என்கிறார் அதிகாரி. "நம்மள வச்சே செஞ்சு காட்டப் போறாரு போல" என்று பக்கத்திலிருந்த ராசம்மா முணுமுணுக்கிறாள். அடுத்த மின்னல் தேயிலைச் செடிகளுக்கு மேலேயே வெடிக்கிறது. ஒலிவாங்கி கீழே விழுந்து உறுமுகிறது. அதிகாரி ஜீப்புக்குள் பாய்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார். கொட்டத் தொடங்கிய மழையில் நனைந்த பெண்கள் கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார்கள்; கணக்கப்பிள்ளை ஜீப்பைப் பார்க்கிறார். கண்ணாடி ஒரு விரற்கடை இறங்குகிறது. "யாரும் கலையாதீங்க. அப்படியே மரத்தடியில நில்லுங்க, இன்னும் போட்டோ எடுக்கல."