ஒழுகவும் இல்லை, எரியவும் இல்லை

"வயசானதைக் கட்டிக்கிட்டு அழுதா இப்படித்தான். உள்ள இருக்கறதெல்லாம் தேஞ்சு போச்சு..."

"யாருக்குத் தேஞ்சு போச்சு? நான் வந்து முழுசா ஒரு மாசம் ஆகலை, அதுக்குள்ள..."

"ஐயோ அத்தை, நான் காரைச் சொன்னேன்!"

"காரைச் சொல்றவர் எதுக்கு மாப்பிள்ளே என் முகத்தைப் பாத்துச் சொல்றீங்க?"

ஒர்க்‌ஷாப் வாசலில் அம்மாவின் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். ஒரு பக்கம் பெற்றவள், இன்னொரு பக்கம் கட்டியவன். யாருக்குப் பரிந்து பேசினாலும் மற்றவருக்கு முகம் தூக்கிக்கொள்ளும்.

ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்த அம்மாவைத் திரும்ப அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். அம்மாவுக்குப் பஸ் ஆகாது. இரண்டாவது நிறுத்தத்திலேயே குமட்ட ஆரம்பித்துவிடும். இருப்பது இந்தப் பதினெட்டு வயசுக் கார் ஒன்றுதான். அதுவும் சொல்லிவைத்தாற்போல, மூன்று சனிக்கிழமையாகக் கிளம்புகிற நேரத்தில் கழுத்தறுத்தது.

டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. ஊற்றிக்கொண்டு கிளம்பலாமே என்றால், "இப்படி ஆயில் குடிக்கிற வண்டியை நம்பி அவ்வளவு தூரம் போனா என்ஜின் இறுகிப் போயிடும். அப்புறம் உங்கம்மாவை நான் தோள்லயா தூக்கிட்டுப் போறது?" என்பான் அவன். "தூக்கித்தான் பாருங்களேன்," என்பாள் அம்மா.

இன்றைக்கு நாலாவது சனிக்கிழமை. இன்றும் ஆயில் இல்லை.

அவளுக்கு ஆயிலைப் பற்றிக் கவலையில்லை. இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் இந்த இரண்டு பேரும் ஜென்மத்துக்கும் முகம் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பதுதான் பயம். ஃபேன் வேகத்துக்குச் சண்டை, செய்தித்தாளில் முதல் பக்கத்துக்குச் சண்டை. சாயங்காலம் கேரம் பலகையை எடுத்து வைத்தால் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அதிலேயும் சண்டை. ஜெயித்த ஆட்டம் அம்மா அறுபத்தொன்று, மாப்பிள்ளை ஐம்பத்தெட்டு என்று கதவுக்குப் பின்னால் சாக்பீஸில் எழுதியிருக்கிறது. "இதைச் சமன் பண்ணாம உங்களை விடப் போறதில்லை அத்தை!" என்று நேற்றுகூட அவன் பல்லைக் கடித்தான்.

இன்று காலை ஆறு மணிக்கே காரைக் கழுவப் போய்விட்டான். மற்ற நாளில் ஏழரைக்கு எழுப்பினாலும் எழுந்திருக்காதவன், சனிக்கிழமையானால் மட்டும் இப்படி. மாமியாரை அனுப்ப அவ்வளவு அவசரம் என்று அவளுக்குச் சுருக்கென்றது. போதாததற்கு, பாத்திரம் கழுவ வாங்கிய ரப்பர் கையுறையைத் தேடினால் அது மடிப்புக்கூடக் கலையாமல் அவன் செருப்பின்மேல் கிடந்தது.

"இதை யாரும்மா இங்க வெச்சது?"

"நான்தான். தொட்டியில மண்ணைக் கிளறிவிடலாம்னு..." அம்மா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஸ்க்ரூ டிரைவரை என்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பவர் என்பதால் தெருவில் அவருக்கு டாக்டர் என்றே பெயர்.

"ஆயில் குறைய ரெண்டே வழிதான். ஒழுகணும், இல்லன்னா எரியணும். எரிஞ்சா பின்னாடி நீலப் புகை வரும். வரலை. ஒழுகினா தரையில சொட்டு இருக்கும். அதுவும் இல்லை." டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "அதனாலதான் புதன்கிழமை நீங்க வண்டியைக் கொண்டுவந்தப்போ ஆயில்ல ஒரு சாயத்தைக் கலந்துவிட்டேன். இந்த ஊதா டார்ச்சை அடிச்சா, அந்த ஆயில் பட்ட இடமெல்லாம் பச்சையா மின்னும். சோப்புப் போட்டாலும் லேசுல போகாது."

"சாயமா? எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்றான் அவன்.

"சொன்னா அதுக்கும் எங்கம்மாவோட மல்லுக்கு நிப்பீங்க."

அம்மா ஏனோ இருமினாள்.

ஷட்டர் கடகடவென்று இறங்கியது. இருட்டில் டார்ச் மெல்ல ஊர்ந்தது. மேல்மூடி கேஸ்கட் சுத்தம். ஃபில்டர் சுத்தம். டாக்டர் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தார்.

"அடேங்கப்பா! ஆயில் இறக்கற போல்ட்டைச் சுத்தி அப்படியே மின்னுது. புதுசா ஸ்பேனர் வெச்ச தடம். யாரோ கழட்டி, ஒரு லிட்டரை இறக்கிட்டு, ஒழுங்கா திருப்பி மாட்டியிருக்காங்க."

"திருடனா?" என்றாள் அவள்.

"சனிக்கிழமை தவறாம வர்ற திருடனாம்மா?"

டாக்டர் எழுந்தார். அவரோடு டார்ச்சும் எழுந்தது. பேன்ட் பாக்கெட்டுக்குள் ஒளியப் போன பத்து விரல்களை அது பாதி வழியில் பிடித்தது. நகக்கண் ஒவ்வொன்றும் மின்மினிப் பூச்சி மாதிரி பச்சைப்பசேலென்று மின்னியது. அவள் கணவனின் விரல்கள்.

அவள் வாயைத் திறப்பதற்குள், இருட்டின் இன்னொரு மூலையில் யாரோ தலையில் பட்டென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பின்னாலேயே அம்மாவின் குரல்.

"கையுறையைப் போட்டுக்கிட்டுக் கழட்டுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே மாப்பிள்ளே!"