செவ்வாய்க்கிழமைப் பக்கம்

படூரில் எங்கள் அபார்ட்மென்ட் வாசல் நோட்டில் ஒரு பக்கத்தைக் காணோம்.

கொரோனா வந்ததிலிருந்து, உள்ளே வருகிறவர்களுக்கு நெற்றியில் சூடு பார்த்துப் பேரோடு எழுதி வைக்கும் நோட்டு. காணாமல் போனது செவ்வாய்க்கிழமைப் பக்கம். வியாழக்கிழமை எங்கள் சி பிளாக்கில் மூன்று வீட்டுக்குப் பாசிட்டிவ். எழுதின வாட்ச்மேனோ ஊருக்குப் போய் போனை அணைத்துவிட்டார்.

கார் பார்க்கிங்கில் ஆறடிக்கு ஒரு நாற்காலி போட்டுக் கூட்டம்.

"நான் அன்னிக்கே சொன்னேன், இந்த வைரஸ் லேப்லேர்ந்து தப்பிச்சதுதான்னு. இல்லேன்னா ஏன் அந்த லேப்காரங்க ரெக்கார்டைக் காட்ட மாட்டேங்கறாங்க?" என்றார் செகரெட்டரி ஜானகிராமன். அணு ஆராய்ச்சியில் ரிட்டையர் ஆனவர்.

"மார்க்கெட்லேர்ந்து வந்தது சார். லேப்னு சொல்ல ஆதாரம் எங்க?" என்றார் ஐ.டி. பாலசுப்ரமணியன்.

"ஆதாரத்தை மறைச்சதே ஆதாரம்தான்யா. முப்பது வருஷம் லேப்ல குப்பை கொட்டினவன் சொல்றேன்."

"உங்க லேப்லேர்ந்து ஒண்ணும் தப்பிக்கலையே?"

"அஞ்சு மணிக்கு முன்னாடி நானே தப்பிச்சதில்லை."

சிரிப்பு அடங்கியதும் ஜானகிராமன் நோட்டைத் தூக்கிக் காட்டினார். "அந்தப் பக்கம் இருந்திருந்தா யார் வீட்டு வாசல்ல தகரம் அடிக்கணும்னு தெரிஞ்சிருக்கும். யார் கிழிச்சது?"

"நான்தான் சார்."

தூணோரம் செங்கம்மாள். எங்கள் மாடிப்படி பெருக்குகிறவள்.

"எதுக்கும்மா?"

"பஜ்ஜி வாங்கியாந்தேன். எண்ண வுட்டுச்சு. கைக்குக் கெடச்சத கிழிச்சு ஒத்தினேன். அதுக்கு இன்னா இப்ப?"

"பாத்தீங்களா, ரெக்கார்ட் காலி. அன்னிக்கு இவளுக்கேதான் காய்ச்சல் இருந்திருக்கும்," என்றார் ஜானகிராமன்.

"மாமல்லபுரத்துலேர்ந்து மீன் மார்க்கெட் வழியாத்தானே வர்றா," என்றார் பாலசுப்ரமணியன்.

லேப் கட்சியும் மார்க்கெட் கட்சியும் முதல் தடவையாக ஒத்துப்போயின. ஒரு மாதத்துக்குச் செங்கம்மாள் கேட்டுக்குள் வரக் கூடாது. சம்மதம் என்றால் கை தூக்கலாம்.

எல்லோரும் தூக்கினார்கள். நானும்தான். கைக்குழந்தைக்காரி, எனக்குப் பயம்.

கூட்டம் கலைந்ததும் லிப்ட்டுக்காக நின்றேன். செங்கம்மாள் வந்தாள். ஆறடி தள்ளியே நின்று, இடுப்பிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தாள். துடைப்பத்தால் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"கொளுத்திடுமா. இவுங்க கண்ல பட்டா பேஜாரு."

பிரித்தேன். ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. நான்காவது வரியில் என் வீட்டு நம்பர். 'ஷ்யாம், ஒன்றரை வயது, சூடு 101.'

நிமிர்ந்தபோது அவள் கேட்டைத் தாண்டியிருந்தாள். அங்கிருந்தே திரும்பிக் கேட்டாள்:

"கொயந்தைக்கு ஜொரம் வுட்டுச்சாமா?"